கனேலோ, சௌக்கியமா?

"என்ன கனேலோ, சௌக்கியமா?"

அந்த ஸ்பானிய மலைக்கிராமத்துப் பாருக்குள் நுழைந்த ஃபெர்மின், வாசலோர மேசைக்கு அடியில் பார்த்துக் கேட்டார். அந்த மேசையில் காபியோடு உட்கார்ந்திருந்தவர் அவருடைய சொந்த அண்ணன் எலாதியோ. அவர் முகத்தை ஃபெர்மின் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஏதோ ஓடுதுன்னு சொல்லு கனேலோ," என்றார் எலாதியோ, அவரும் கீழே பார்த்தபடி.

"ஓலா, அழகி!" என்று வணக்கம் சொல்லியபடி ஃபெர்மின் கடைக்காரி விசியிடம் போனார். "என்ன ராசா, எப்படிப் போகுது?" என்று தபால்காரர் முதுகில் தட்டினார். வலென்சியாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த நெரேயாவுக்குக்கூட, பேர் தெரியாமலே ஒரு "ஓலா கண்ணு" கிடைத்தது.

"அண்ணனுக்கு மட்டும் கிடையாதா?" என்று நெரேயா கிசுகிசுத்தாள்.

"பாதாம் தோப்பைப் பங்கு பிரிச்சப்போ ரெண்டு பேரும் ஓலாவை நிறுத்திட்டாங்க," என்றாள் விசி, கிளாஸைத் துடைத்தபடி. "இந்த ஊர்ல அடிச்சாக்கூட மறந்துடுவோம். ஓலாவை நிறுத்திட்டா அவ்வளவுதான். முதல்ல சொல்றவன் தோத்தவன். அதான் எல்லாம் நாய் மூலமா நடக்குது."

ஃபெர்மின் தன் காபியைத் தொடவில்லை.

"கனேலோ, உன் எசமானுக்கு நாளைக்கு தெருவேல் டவுன் ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஆபரேஷனாமே?"

"ஆமான்னு சொல்லு கனேலோ."

"கூட யாரு போறா?"

"யாரும் வேணாம். பஸ் இருக்கு."

"பஸ்ஸா! நெஞ்சைக் கையில பிடிச்சுக்கிட்டு மலை ஏறி இறங்கணுமா? உன் எசமானுக்குக் கொழுப்பு இன்னும் குறையலை கனேலோ."

"கார் வெச்சிருக்கிறவங்க கொழுப்பைவிடக் கம்மிதான்னு சொல்லு."

தபால்காரர் காபி கலக்குவதை நிறுத்திவிட்டார். எலாதியோவுக்கு வேறு யாரும் இல்லை. தனியாகப் போவார், திரும்பி வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. பாவமாக இருந்தது.

ஃபெர்மின் தொண்டையைச் செருமினார். "நானும் காலையில தெருவேலுக்குத்தான் போறேன் கனேலோ. டயர் வாங்கணும். பின் சீட்டு காலி. நீ வர்றியா?"

எலாதியோ கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"கனேலோ தனியா வரமாட்டான்," என்றார் எலாதியோ கடைசியில். "பழகாத கார். கூட நானும் வரணும்."

"கூட்டிட்டு வா கனேலோ. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?" என்று ஃபெர்மின் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

நெரேயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய காரியத்தை முடித்துக்கொடுத்த பிராணிக்கு வெறும் வாயா? ஒரு ஹாம் கறித்துண்டை எடுத்துக்கொண்டு போய் மேசைக்கு அடியில் குனிந்தாள். அங்கே எலாதியோவின் பூட்ஸைத் தவிர ஒன்றும் இல்லை.

திகைத்துத் திரும்பியவளின் கையிலிருந்து ஹாமை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள் விசி.

"கனேலோ போன பனிக்காலத்துலயே செத்துப்போச்சு. குழி தோண்டிப் புதைச்சதே அவங்க ரெண்டு பேரும்தான்."