மனசு வச்சா

புகையிலைப் பழக்கத்தை நிறுத்தவைக்கும் பயிற்சியில், அந்தத் தவிப்பு புரியட்டும் என்று ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு நோயாளியின் புகை ஏக்கத்தைப் பத்து நாளுக்கு மாற்றி வைப்பார்கள். நோயாளிக்கு அதுவரை ஓய்வு. யாருடையது என்று நர்ஸுக்குச் சொல்வதில்லை; மாற்றியதையே நோயாளிக்குச் சொல்வதில்லை.

மூன்றாம் நாள் நர்ஸ் ரெஜினா கணவரின் சட்டைப் பையைத் துழாவினாள்.

"பீடி எங்கங்க?"

"திங்கக்கிழமையே விட்டுட்டேன். உங்க ஆஸ்பத்திரியிலதான் பேர் குடுத்தேன்," என்றார் அருளப்பன். "இருபது வருஷமா நீ சொன்னது சரிதான். மனசு வச்சா விட்டுடலாம்."

அவளுடைய பயிற்சி தொடங்கியதும் திங்கட்கிழமைதான்.

ரெஜினா சோறு போட்டாள். அவர் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இருமவே இல்லை.

பத்தாம் நாள் பயிற்சியாளர் ஏக்கத்தை எடுக்க வந்தார்.

"போதும்ல சிஸ்டர்?"

"இன்னும் சரியாப் புரியல சார். இன்னொரு பத்து நாள் இருக்கட்டும்."