ஏறாத லைப்ரரி

ஆராய்ச்சியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் கருத்தரங்கு. மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் மென்பொருளோ, அதற்குத் தேவையான ‘லைப்ரரி’ என்ற துணை நிரல் தொகுப்பை அவர் எத்தனை முறை நிறுவினாலும் கண்டுகொள்ளவே இல்லை.

மனைவியோடு சண்டை, இரண்டு நாளாகப் பேச்சில்லை; புலம்பக்கூட ஆளில்லை. அதனால் புனைபெயரில் இணையக் குழுவில் புலம்பினார்.

‘சுண்டெலி’ என்ற பெயரில் ஒருவர் உடனே பதில் போட்டார். “அந்த லைப்ரரியை நீங்க கம்ப்யூட்டர்ல பொதுவா இருக்கிற பைத்தான் நிரல்மொழில போட்டிருப்பீங்க. அந்த மென்பொருளுக்குள்ளயே தனியா ஒரு பைத்தான் இருக்கு. அதுல இன்ஸ்டால் பண்ணுங்க.”

செய்தார். திரையில் புரதம் வண்ணவண்ணமாகச் சுழன்றது!

“தெய்வமே! என் வீட்டுலயும் ஒருத்தி இதே கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கறா. நாளைக்குக் கருத்தரங்குன்னு தெரிஞ்சும் வாயே திறக்க மாட்டேங்கறா!” என்று எழுதினார்.

பதில் திரையில் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து சிரிப்போடு வந்தது.

“நீங்க வாயத் திறந்து கேட்டாத்தானே சொல்ல முடியும்? சாப்பிட வாங்க!”