சுடலைமுத்துவின் பெண்சாதி

“என்ட அம்மாவும் அப்பாவும் கலியாணம் முடிக்கல்லெண்டு எழுதித் தாங்க, ஐயா.”

மங்கையற்கரசி உரத்துக் கேட்டதும், வழக்குப் பார்க்கும் புறக்டர் வினாயகமூர்த்தியின் பேனை நின்றது. பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் சீதேவிப்பிள்ளை பதறி எழும்பினாள். பழுகாமத்தில் தோணி ஏறியதிலிருந்து எதைக் கேட்காதே, கேட்காதே என்று மகளின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தாளோ, அதையே கேட்டுவிட்டாள்.

தோணியில் மகள் விளக்கத்தான் வந்தாள். “முதல்ல இது அம்மா, மறுகா...” என்று தொடங்கியவளை, “அந்தக் கதைய வாயிலயும் எடுக்காத!” என்று சொல்லி இவள் காதைப் பொத்திக்கொண்டாள். அன்று விடிந்ததும் மகள் கூறைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டச் சொன்னபோது, பெரிய மனிதரிடம் போகிறோம், மரியாதைக்குச் சொல்கிறாள் என்றல்லவா நம்பினாள்!

கதவுக்கு வெளியே வாங்கு நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதம். காயல்பட்டினத்திலிருந்து வந்து காத்தான்குடியில் இருபது வருஷமாகப் புடைவைக் கடை வைத்திருக்கும் முகைதீன்பாவாவின் தலை மெல்ல உள்ளே நீண்டது.

“உங்கட முறை வரும் முதலாளி, தலைய எடுங்க” என்றார் புறக்டர். “வெள்ளைக்காரன் போய் வருஷம் ஒண்டுதான். முந்தி வயல் வட்டை வரம்பு அளந்த வழக்குத்தான் பாத்தன். இப்ப மனுசரை அளக்கிறதே வேலையாப் போச்சு.”

மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று சீதேவிப்பிள்ளையின் புருஷன் சுடலைமுத்துவுக்கு, மற்றது மகளுக்கு. ஒரு மாதத்துக்குள் இந்த நாட்டில் இருக்க உரிமை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். சுடலைமுத்து ரெயில் பாதை போடத் திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்தவர். பாதை முடிவதற்குள் சீதேவிப்பிள்ளை வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டார். ஊர்க் கோயிலில் என்ன குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். கச்சேரியோ தகப்பன் பிறந்த இடத்தைக் கேட்டது.

“தாலி கட்டினதா, அம்மா?”

“வீட்டுப் பந்தலில, ஊர் பாக்கக் கட்டினவர்.”

“பதிஞ்சதா?”

“அந்த வருஷம் வெள்ளம் ஐயா. பதிவுகாரர் வரல்ல. மறுகா ஆரு அவரைத் தேடிப் போற?”

புறக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப கேளுங்க. பதிவில்ல, அதால கலியாணமில்லையெண்டு நீங்க கையெழுத்து வெச்சா, மகளுக்குச் சட்டம் தாயைப் பாக்கும். நீங்க இஞ்ச பிறந்தவ, உங்கட தகப்பனும் இஞ்ச பிறந்தவர். பிள்ளை தப்பிடும். ஆனா சுடலைமுத்து உங்களுக்கு ஆருமில்ல, அவர் கப்பல் ஏறணும். கலியாணம் நடந்ததெண்டு நிண்டா, பெண்சாதியைக் காட்டி அவர் இருக்க மனுப் போடலாம். மகள் தகப்பன் வழியில போயிடுவா.”

“ரெண்டு பேரும் இருக்க ஏலாதா, ஐயா?”

“ஒரு கையெழுத்து ரெண்டு பேரைக் காப்பாத்தாது, அம்மா.”

மங்கையற்கரசி குறுக்கே வந்தாள். “பிள்ளை பிறந்த நாள்ல தாய்க்குக் கலியாணம் இருந்ததா, இல்லையா எண்டுதானே ஐயா பாப்பாங்க?”

“ஓம். பிறந்த நாளைத்தான் பாப்பாங்க.”

“அப்ப எழுதுங்க.”

சீதேவிப்பிள்ளைக்கு வாய் வெடித்தது. “உன்ட வாத்திச்சி வேலைக்காக அப்பாவக் கப்பலேத்தப் போறியா? என்னை ஊர் வைப்பாட்டி எண்டு சொல்லட்டுமா? இதுக்குத்தானா கா உன்னைப் படிப்பிச்ச?”

“அந்தப் பேரை நான் வைக்கல்ல. சட்டம் வைக்குது” என்றாள் மகள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். “கையெழுத்தப் போடுங்க, அம்மா.”

புறக்டர் எழுதி, தாளைத் திருப்பி வைத்தார். சீதேவிப்பிள்ளையின் கண்ணுக்குள் கப்பல் வந்து நின்றது. அதில் மகளை ஏற்றிப் பார்த்தாள். திருநெல்வேலி எந்தத் திசை என்றுகூட அறியாத பிள்ளை. இறக்கிவிட்டு, இருபத்துமூன்று வருஷம் தன் கையால் சோறு உண்ட மனுசனை ஏற்றிப் பார்த்தாள். அவரையும் இறக்கிவிட்டாள். அவரோ கூட வந்தவர், தோணியால் இறங்கியதும், “எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு” என்று முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். போகத் துணிந்துவிட்டார் போலும்.

பேனையை எடுத்தாள். எழுத்துகள் கோணல் மாணலாக விழுந்தன. தாலியைக் கையால் மூடிக்கொண்டு, இருபத்துமூன்று வருஷத்துக் கலியாணத்தை இல்லையென்று எழுதி முடித்தாள்.

மகள் அந்தத் தாளை வாயால் ஊதிக் காயவைத்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எழும்பி விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

“எங்க போறாய்? அப்பாட்டப் போய்ச் சொல்லவா?”

படியில் இறங்கியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“அப்பா பதிவுகாரர் கந்தோர்ல காத்துக்கொண்டு நிக்கார். கெதியா வாங்க அம்மா, இண்டைக்கு உங்களுக்குக் கலியாணம்.”