அதே அம்மா

“இது மோசடி சார்! அப்பட்டமான மோசடி!”

மாணவி உள்ளே வந்த வேகத்தில் பேராசிரியரின் அறைக்கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பில் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர். நியாயம் கேட்க ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள்.

“உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி.”

“தண்ணி வேண்டாம் சார். இதைப் பாருங்க.”

செல்போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

முந்தாநாள்தான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நடத்தும் சமூகத் தொழில் போட்டியின் இறுதிச்சுற்று. லாபமும் வரவேண்டும், நாலு பேருக்கு நல்லதும் நடக்கவேண்டும். அப்படி ஒரு தொழிலை மாணவர்கள் தொடங்கிக் காட்டவேண்டும். அதனால் பிழைக்கும் பயனாளி ஒருவரை மேடையில் பேசவைத்தால் அதற்குத் தனி மார்க்.

முதல் பரிசு, துணி நாப்கின் தைத்து விற்ற குழுவுக்கு. அவர்களுடைய பயனாளி ஊன்றுகோலோடு மேடையேறி, “இந்தப் பிள்ளைங்களாலதான் எனக்கு வேலை கிடைச்சுது” என்று அழுதபோது நடுவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“இது முந்தாநாள் எடுத்த வீடியோ. இது போன வருஷம், பேப்பர்ல பென்சில் பண்ணின குழு. அதே அம்மா! இது அதுக்கும் முந்தின வருஷம், துணிப்பை. அதே அம்மா, அதே அழுகை! கண்ணீரை வாடகைக்கு விடறாங்க சார்!”

“அவசரப்பட்டு எதையும்...”

“நாங்க பழைய ஸ்கூல் பையெல்லாம் வாங்கித் தைச்சு, இல்லாதவங்களுக்குக் கம்மி விலையில குடுக்கற திட்டம் கொண்டுவந்தோம். மனுஷங்களைக் காட்சிப்பொருளா நிறுத்தமாட்டோம்னு சொன்னோம். மார்க்கைக் குறைச்சீங்க. ஊரை ஏமாத்தினவங்களுக்குக் கோப்பை, எங்களுக்கு வெறும் கைதட்டலா?”

“இப்ப நான் என்ன செய்யணும்கிறே?”

“அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரிங்க. பரிசைத் திரும்ப வாங்குங்க. இல்லேன்னா மூணு வீடியோவும் இன்னிக்கே இன்டர்நெட்டுல ஏறும்.”

பேராசிரியருக்கு வியர்த்தது. மாணவர் மனதில் தொண்டு எண்ணத்தை விதைப்பது எது என்று ஆராய்ச்சி செய்து பெயர் வாங்கியவர் அவர். போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார்.

“அந்தம்மா நம்பர் உங்ககிட்டயே இருக்கா சார்?”

“கொஞ்சம் என் ரூமுக்கு வந்துட்டுப் போங்க” என்று சொல்லிப் போனை வைத்தார் அவர்.

அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. வக்கீலம்மா நாற்காலியைக் காட்டவில்லை. வீடியோவைத்தான் காட்டினாள்.

“எத்தனை நாளா நடக்குது இந்த நாடகம்?”

அவள் திரையில் தன் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அட, போன வருஷம் இவ்வளவு இளைச்சா போயிருந்தேன்!”

“பேச்சை மாத்தாதீங்க. மூணுல எது நிஜம்?”

“மூணுமே நிஜம்தாம்மா.”

“எப்படி?”

“துணிப்பைப் பிள்ளைங்க நிஜமாவே வேலை குடுத்தாங்க. பரிசு வாங்கினாங்க, என்னையும் நடுவுல நிறுத்திப் போட்டோ எடுத்தாங்க, பரீட்சை வருதுன்னு பூட்டிட்டுப் போயிட்டாங்க. பென்சில் பிள்ளைங்களும் தங்கமான பிள்ளைங்கதான். பரிசு வாங்கினதைக் காட்டினதும் வெளிநாட்டுல படிக்க இடம் கிடைச்சுதாம். பறந்துட்டாங்க. அப்புறம் புதுசா யாராவது வந்தா சார் போன் பண்ணுவாரு. ‘பசங்களுக்கு ஒரு ஆள் வேணுமாம், போறீங்களா’ம்பாரு. போவேன்.”

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, இந்த நாப்கின் கம்பெனி?”

“முந்தாநாள் பரிசு. நேத்து சாயங்காலம் தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வாடகை மிஷினாம். குழுத் தலைவரா இருந்த தம்பிக்குப் பெரிய எடத்துல வேலை வந்துடுச்சுன்னு சாக்லேட் குடுத்தான். நல்ல பையன், குறை சொல்லக்கூடாது.”

ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவையாவது நிலைக்கும்னு நினைச்சுத்தாம்மா அழுகை வருது. நாடகம்னு சொன்னா நான் என்ன சொல்ல?”

வக்கீலம்மாவின் கோபம் அப்படியே பேராசிரியர் பக்கம் திரும்பியது.

“வெட்கமா இல்ல சார்? ஒருத்தருக்குக்கூடத் தொடர்ந்து நடத்தணும்கற எண்ணமே இல்லையா?”

“எண்ணமெல்லாம் எல்லாருக்கும் இருக்கும்மா” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே. “ரிசல்ட் வர்ற வரைக்கும்.”

“சே! பரிசுக்காக ஒரு தொழில், பரிசு வாங்கினதும் அதுக்கு ஒரு பூட்டு. இவங்கல்லாம் மனுஷங்களா?”

நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்கக்கா. உங்களை நடுத்தெருவுல விட்டவங்களை நான் சும்மா விடமாட்டேன்.”

அந்தப் பெண் உட்கார்ந்தாள். வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்களை விடு பாப்பா, சின்னப் பிள்ளைங்க. ஸ்கூல் பை தைக்கறதைப் பத்திப் பேசினது நீதானே? மேடைக்குப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டேதான் இருந்தேன். பரிசுக்காகப் பேசற மாதிரியே இல்ல. அப்பவே நினைச்சேன், இந்தப் பொண்ணு நடத்தும்னு. எனக்குத் தையல் நல்லா வரும். திங்கக்கிழமையிலேருந்து வரட்டுமா?”

வக்கீலம்மா மற்றொரு கையால் செல்போனை மெல்லப் பைக்குள் போட்டாள்.

பரிசு இல்லை என்று தெரிந்த அன்றே, அவள் குழுவின் நாலு பேரும் அரங்க வாசல் படிக்கட்டில் நின்று அந்த ஸ்கூல் பைக் கம்பெனியைக் கலைத்துவிட்டிருந்தார்கள். “இனிமே இதைக் கட்டி அழுது யாருக்கு என்ன லாபம்?” என்று முதலில் கேட்டவள் அவள்தான்.