ரிட்டர்ன் பீஸ்

"யாரு எழுதுனதுன்னு மட்டும் சொல்லு அம்மணி. மீதியை நான் பாத்துக்கறேன்!"

பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததுமே குதிக்க ஆரம்பித்துவிட்டார் திருமலைசாமி. பீளமேட்டில் கிரைண்டர் கம்பெனி நடத்துபவர். ஊரெல்லாம் இன்டர்நெட் பேச்சாகக் கிடந்த தொண்ணூற்றொன்பதில், நமக்கும் இருக்கட்டுமே என்று ஒரு வெப்சைட் போட்டார். வாடிக்கையாளர்கள் நாலு வார்த்தை பாராட்டி எழுதட்டும் என்று அதில் ஒரு பக்கத்தையும் திறந்துவிட்டார்.

வினை அங்கேதான் வந்தது.

சென்டர் நடத்தும் சித்திகா, திரையில் இருந்த இங்கிலீஷைத் தமிழில் படித்துச் சொன்னாள்.

"'இவிய கிரைண்டர் போடற சத்தத்துல பக்கத்து ஊட்டு நாய் ஊளையிடுது. தொட்டா ஷாக் அடிக்குது. ஓனர்கிட்டச் சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது, அவரு காதுல வாங்கறதில்லை. எனக்குத் தள்ளிவிட்டது ரிட்டர்ன் வந்த பீஸு'ன்னு போட்டிருக்குங்கண்ணா. பேரு இல்லீங்க."

"பச்சைப் பொய்! ரிட்டர்ன் பீஸை நான் யாருக்காச்சும் வித்திருக்கனா? மலேசியா பார்ட்டி இந்த வாரந்தான் ஆர்டரை முடிவு பண்றான். அவன் கண்ணுல இது பட்டா என்னாகறது?"

அந்த ஆர்டரை நம்பித்தான் புது ஷெட்டே கட்டியிருந்தார். பாவம், சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு.

"அழிச்சுப்போடு."

"அழிச்சா கோவத்துல இன்னும் நாலு எடத்துல எழுதுவாங்கண்ணா."

"அப்ப நாமளே பத்துப் பேரு பேர்ல ஆஹா ஓஹோன்னு எழுதிப்போடலாம்."

"மலேசியாக்காரரு சிரிப்பாருங்க. பேசாம மன்னிப்புக் கேளுங்க. ஊட்டுக்கே வந்து மாத்தித் தாரோம்னு சொல்லுங்க."

"நானா? மன்னிப்பா?"

மீசை துடித்தது. ஆனால் புது ஷெட் கண்முன் வந்து நின்றது. கசாயம் குடிக்கிற முகத்தோடு சொல்லச் சொல்ல, சித்திகா டைப் அடித்தாள்.

'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தாங்கள் பட்ட சிரமத்துக்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் மனம் கோணாமல் நடப்பதே எங்கள் கடமை. விலாசம் தந்தால், புது கிரைண்டருடன் நானே நேரில் வருகிறேன்.'

வார இறுதியில் சித்திகாவிடமிருந்து போன் வந்தது. திருமலைசாமி ஓடினார்.

மலேசியாவிலிருந்து மெயில்! 'குறை சொன்னவரிடம் இவ்வளவு பணிவாகப் பேசும் கம்பெனியை நம்பலாம். ஆர்டர் உங்களுக்கே.'

திருமலைசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

"குறை எழுதுன அந்த மகராசன் நல்லாயிருக்கோணும்! அட்ரஸ் வந்துச்சா அம்மணி? வண்டியில புது கிரைண்டரை ஏத்திக்கிட்டே வந்துட்டேன்."

"வந்திருக்குங்கண்ணா. நீங்களே பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கதவு எண்ணைப் படித்தார். தெருப் பெயரைப் படித்தார். ஃபேனுக்கு அடியிலேயே அவருக்கு வியர்த்தது.

"இது... என்ர ஊடாச்சே!"

ரிட்டர்ன் பீஸை அவர் யாருக்கும் விற்றதில்லைதான். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

"அமெரிக்காவுல இருக்கற உங்க பொண்ணுக்கு மெயில் அனுப்ப வந்தப்ப, உங்க ஊட்டுக்கார வெங்கடம்மா அக்காதானுங்க இதையும் எழுதச் சொன்னாங்க" என்றாள் சித்திகா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஏன், ஊட்டுல என்கிட்டச் சொன்னா ஆகாதா?"

"நானும் அதையேதான் கேட்டனுங்க. 'ஊட்டுக்காரி சொன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கறாரு, கஸ்டமரு சொன்னா கையெடுத்துக் கும்புடறாரு. அதனால இனிமே நான் கஸ்டமராவே இருந்துக்கறேன்'னு சொல்லிப்போட்டாங்கண்ணா!"