திரும்பாத சிப்பாய்

அருங்காட்சியக வழிகாட்டிக்கு அந்த ஓவியம் என்றால் உயிர். சாக்குத்துணி, தார், மணல், மூலையில் ஒரு கறுப்புப் பொத்தான். அவ்வளவுதான். ஆனால் அதை வைத்தே பத்தொன்பது வருடமாக வருகிறவர்களை அழவைத்துக்கொண்டிருந்தார்.

“போர் முடிஞ்ச கையோட பண்ணினது. இந்தச் சாக்கு, இடிஞ்சுபோன ஊர். இந்தப் பொத்தான், வீடு திரும்பாத ஒரு சிப்பாய்.”

கூட்டத்திலிருந்த வயதான அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானை உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது.

வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்லயும் யாராவது திரும்பி வரலையாம்மா?”

“எல்லாரும் வந்துட்டாங்க தம்பி. என் கோட்டுப் பொத்தான்தான் வரலை.”

“கோட்டா?”

“கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டு. இதைப் பண்ணினது என் வீட்டுக்காரர்தான். காயறதுக்குள்ள வித்துட்டார், இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன். பொத்தான் எங்கேன்னு கேட்டா, தெரியவே தெரியாதுன்னு சாகிற வரைக்கும் சாதிச்சார்.”

அம்மாள் கைப்பையைத் துழாவிச் செல்போனை எடுத்தார்.

“இங்க பேசலாமா தம்பி? என் நாத்தனார்தான் பிச்சு எடுத்துட்டாள்னு, அறுபது வருஷமா அவகூட நான் பேசறதில்லை.”