சொந்த வாய்ஸ்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரின் கை உயர்ந்தது.

அவன் பாடுவதை நிறுத்தினான்.

ஹெட்போனில் இன்ஜினியரின் குரல் வந்தது. "அருமையா இருக்கு சார். ஆனா இது அவரோட வாய்ஸ். உங்க வாய்ஸ்ல பாடுங்க."

அவர் என்றால் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நாற்பது வருடம் சினிமாவில் பாடியவர். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அவனுடைய பட்டப்பெயரே அவர் பெயர்தான்.

கல்யாண மேடை, கோயில் கொடை மேடை, கட்சி மேடை. இருபத்திரண்டு வருடம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அவரா இவரா என்று சொல்லுங்கள் என்றுதான் மைக்கில் அவனை அழைப்பார்கள். ஜனங்களும் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அவனை யாரும் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

இன்றைக்குத்தான் அவன் பாடும் மெல்லிசைக் குழுவின் முதல் சொந்தப் பாட்டு. கீபோர்டு வாசிக்கும் சுயம்பு எழுதி மெட்டுப் போட்டது. ஆறு பேரும் வேன் பிடித்துச் சென்னைக்கு வந்திருந்தார்கள். ஸ்டுடியோ மாலை ஆறு மணி வரைக்கும்தான்.

பசை காஞ்ச விரலோட
பள்ளிக்கூடம் போனோமே.

விடிய எழுந்து தீப்பெட்டி ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் பாட்டு. அவனும் ஒட்டியவன்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எழுத முடியாமல் வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறான். இது அவன் கதை. இந்தப் பாட்டு வந்தால், பாடியவர் என்ற இடத்தில் அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வரும். மூன்று மாதமாக அந்த நினைப்பிலேயே இருந்தான்.

மறுபடி பாடினான்.

கை உயர்ந்தது.

"இது இன்னொருத்தர் சார்."

ஆமாம். மூக்கால் இழுத்துப் பாடும் இன்னொருவர். அவனுக்கே தெரிந்தது.

மூன்றாவது தடவை, இப்போது பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் குரல் வந்தது. டிரம்ஸ் அடிக்கும் பால்துரை சிரித்துவிட்டான். நான்காவது தடவையில் யாரும் சிரிக்கவில்லை.

ஏழாவது தடவைக்குப் பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தான்.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக முனகிப் பார்த்தான். முனகலிலும் ஒருவர் இருந்தார்.

ஆறாம் வகுப்பில், ரேடியோவில் கேட்டதை அப்படியே பாடிக் கைதட்டு வாங்கினான். அதற்கு முன்னால் எப்படிப் பாடினான்? நினைவில்லை. மகளைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டுகூட ஒரு பாடகியின் குரலில்தான். பிள்ளை நன்றாகத் தூங்கினாள். அதனால் அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை. அந்தக் கந்தை எந்த வருடம், எங்கே விழுந்தது என்றுகூட இப்போது அவனால் சொல்ல முடியாது.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

உள்ளே வந்தபோது மணி நாலரை.

இன்ஜினியர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. மெட்டுப் போட்டவரே ஒரு தடவை பாடட்டும், கேட்டால் இவருக்கு ஒரு வழி கிடைக்கும் என்றார்.

சுயம்பு பாடகன் இல்லை. வருடம் முழுக்கச் சளி பிடித்த மூக்கு; போனில் பேசினாலே அவன்தான் என்று தெரிந்துவிடும். மேடையில் கோரஸுக்குக்கூட அவனிடம் மைக் கொடுக்க மாட்டார்கள். கூச்சத்தோடு போய் நின்றான். பள்ளிக்கூடம் என்ற சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினான். அடுத்த வரியில் குரல் கீறியது. கடைசி வரை பாடினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயரவில்லை.

பால்துரை சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சுயம்பு ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓட்டமாக வெளியே வந்தான். "சும்மா பாடிக் காட்டுனேன். நீங்க போங்கண்ணே."

அவன் இன்ஜினியரைப் பார்த்தான். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாடுனதே இருக்கட்டும்டா," என்றான்.

சொல்லும்போது சிரித்தான். நன்றாகவே சிரித்தான். சுயம்புவின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான்.



போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி காளீஸ்வரி. பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்திருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் யாரோ பேச்சை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார்கள்.

"பாடி முடிச்சிட்டீகளா? எங்களுக்கு ரெண்டு வரி பாடிக் காட்டுங்க."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபின் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

பாடினான்.

இந்தத் தடவை எங்கேயும் தடுக்கவில்லை. தேடாமலே வந்தது. இரண்டு வரி கேட்டதற்கு நான்கு வரி பாடினான். பள்ளிக்கூடம் என்ற சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினான். பாடி முடித்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.



"சுயம்பு தம்பி நல்லாத்தான் பாடுது," என்றாள். "நீங்க பாடுங்க."